ராத்திரி 3 மணிக்கு சுகர் 58, காலையில 260: தட்டு முன்னாடி தினமும் சண்டை

குடியாத்தம்_மேற்கு:

எல்லாருக்கும் வணக்கம். விவரம் முழுசா போட்டாத்தான் பதில் சொல்றவங்களுக்கு வசதின்னு கொஞ்சம் நீளமா எழுதறேன்.

நைனாவுக்கு 64 வயசு, சுகர் 14 வருஷமா. 30/70 கலப்பு இன்சுலின், மில்லிக்கு 40 யூனிட் இருக்கற பாட்டில். காலையில 22, ராத்திரி 14. மாத்திரைன்னா மெட்ஃபார்மின் 500 ரெண்டு வேளை, வோக்லிபோஸ் 0.2 ரெண்டு வேளை, பிரஷருக்கு மெட்டோப்ரோலால். மூணு மாச சராசரி சுகரைக் காட்டற எச்பிஏ1சி போன மாசம் 9.6. வீட்டுல அம்மா, அண்ணன், அண்ணி, ரெண்டு பசங்க, நான். ஊசி போடறது அம்மா.

ராத்திரி 8 மணிக்கு ஊசி, எட்டரைக்குத் தட்டு. அண்ணன் கடை மூடிட்டு வர்றதும் அதே நேரம்தான். வந்ததும் நோட்டை எடுத்துக் காலை ரீடிங் பார்ப்பார். பார்த்ததும் ஆரம்பிச்சிடும். பாதி நாள் நைனா தட்டைத் தள்ளி வெச்சிட்டு எழுந்து போயிடறார்.

இந்த ஒரு மாசத்துல மூணு தடவை, விடியக்காலம் ரெண்டரை மூணு மணிக்கு வேர்த்துக் கொட்டி எழுந்திருக்கார். மீட்டர்ல 58, 61, 54. அம்மா பயந்துபோய் சர்க்கரை போட்ட ஹார்லிக்ஸ், நாலஞ்சு பிஸ்கட், வீட்டுல லட்டு இருந்தா அதுவும்னு அவர் தெளியற வரைக்கும் கொடுத்துட்டே இருக்காங்க. அந்த மூணு நாளும் காலையில 248, 260, 271. ராத்திரி நடந்ததை அம்மா அண்ணன்கிட்ட சொல்றதில்ல. அதனால அவர் "திருட்டுத்தனமா தின்னிருக்கார்"னே முடிவு பண்ணிட்டார். ஒரு தடவை சட்டைப் பையில மக்கன் பேடா இருந்தது உண்மைதான்.

ஊசி அளவைக் கூட்டணுமா? அண்ணன் இன்சுலின் பென் ஒண்ணு வாங்கிக் கொடுத்திருக்கார், அம்மாவுக்குப் பழக்கமில்ல. அதுக்குள்ள மருந்து இருக்கற கார்ட்ரிஜ்ல இருந்து சாதா சிரிஞ்சுல எடுத்துப் போடலாமா? வீட்டுல யார் எந்த வேலையைப் பார்த்துக்கிட்டா இந்தச் சண்டை குறையும்? இன்னொண்ணு, ஒவ்வொரு பௌர்ணமிக்கும் திருவண்ணாமலை கிரிவலம், வெறுங்காலோட. நிறுத்தச் சொன்னா அதுக்கும் கோபம்.

-----

பாலாற்றுப்_பாலம்:

ஊசி அளவைக் கூட்டவே கூட்டாதீங்க. நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு தம்பி, ஆனா அது நாலு பேர்கிட்ட நாலு துண்டா இருக்கு.

30/70-ல 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யற மருந்து, 70 பங்கு மெதுவா செய்யறது. ராத்திரி 8 மணிக்குப் போட்டா அந்த மெதுவான பங்கு உச்சத்துக்கு வர்றது நடுராத்திரியில இருந்து விடியக்காலம் வரைக்கும். 14 யூனிட்டுங்கறது ஒரு முழுச் சாப்பாட்டுக்குக் கணக்குப் பண்ணின அளவு. தட்டைப் பாதியில தள்ளிட்டுப் போனா மருந்து முழுசா உள்ள இருக்கு, சாப்பாடு பாதிதான் இருக்கு. மூணு மணிக்கு 58 வர்றதுல அதிசயம் ஒண்ணுமில்ல.

அடுத்தது வோக்லிபோஸ். இந்த மாத்திரையோட வேலையே சர்க்கரை, மாவுச்சத்து எல்லாம் குடல்ல உடையறதைத் தாமதப்படுத்தறது. நாம டீயில போடற வெள்ளைச் சர்க்கரையும் உடைஞ்சாத்தான் ரத்தத்துல ஏறும். அதனால இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு லோ ஆகும்போது சர்க்கரையோ லட்டோ கொடுத்தா சட்டுனு ஏறாது. அம்மா கொடுத்துட்டே இருக்கறதுக்குக் காரணம் அதுதான்: தெளியலைன்னு இன்னும் கொடுக்கறாங்க. பால், பிஸ்கட், லட்டுல இருக்கற கொழுப்பு இன்னும் தாமதம் பண்ணும். அவ்வளவும் சேர்ந்து விடியற நேரத்துக்கு ஏறி 260-ல நிக்குது. அண்ணன் அந்த 260-ஐப் பார்த்து ராத்திரி தட்டு முன்னாடி சத்தம் போடறார், நைனா பாதியில எழுந்து போறார், மறுபடியும் மூணு மணிக்கு வேர்க்குது. மூணு நாளும் இதே வட்டம்தான் சுத்தியிருக்கு. அந்த மூணு காலை ரீடிங்குக்கும் மக்கன் பேடாவுக்கும் சம்பந்தம் இருக்கறதாத் தெரியல.

வீட்டுல குளுகோஸ் பவுடர் வாங்கி வைங்க. சர்க்கரை இல்ல, குளுகோஸ். மருந்துக் கடையில டப்பாவாக் கிடைக்கும். 70-க்குக் கீழ போனா 15 கிராம், அதாவது டீஸ்பூன்ல 3, அரை டம்ளர் தண்ணியில கரைச்சுக் குடிக்கணும். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷம் பொறுத்து மறுபடி குத்திப் பாருங்க. இன்னும் 70-க்குக் கீழன்னா இன்னொரு 15 கிராம். ஏறினதும் ரெண்டு பிஸ்கட்டோ ஒரு இட்லியோ போதும், விடியற வரைக்கும் தாங்கும். அந்த 15 நிமிஷம் காத்திருக்கறதுதான் அம்மாவுக்குக் கஷ்டமா இருக்கும். முன்னாடியே ஒரு பகல் வேளையில உட்கார்ந்து சொல்லி வைங்க, ராத்திரி மூணு மணிக்குச் சொன்னா மண்டையில ஏறாது. டப்பா மேலயே அளவை எழுதி ஒட்டி, நைனா கட்டில் பக்கத்துல வெச்சிடுங்க.

நினைவில்லாமப் போயிட்டாலோ, முழுங்க முடியாம இருந்தாலோ வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108-க்குக் கூப்பிடுங்க.

மெட்டோப்ரோலால் பத்தியும் ஒண்ணு. லோ ஆகும்போது வர்ற படபடப்பையும் கை நடுக்கத்தையும் அது மறைச்சிடும். வேர்க்கறதை மறைக்காது. அதனால "படபடப்பு இல்லியே"ன்னு விட்டுடாதீங்க. சட்டை நனைஞ்சிருந்தா குத்திப் பாருங்க. திடீர்னு எரிஞ்சு விழறதும், முன்னுக்குப் பின் முரணாப் பேசறதும் லோ சுகரோட அறிகுறிதான். காலை ஊசியோட தாக்கம் சாயந்தரம் வரைக்கும் இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி நைனா காரணமில்லாம கத்தினா பதிலுக்குக் கத்தறதுக்கு முன்னாடி மீட்டரை எடுங்க.

மூணு தடவை லோ ஆனதை அடுத்த மாச விசிட் வரைக்கும் தள்ளாதீங்க, இந்த வாரமே டாக்டர்கிட்ட சொல்லணும். காரணம் புலப்படாத லோவுக்குப் பொதுவா அளவை 10-இலிருந்து 20 சதவீதம் குறைப்பாங்க. உங்க வீட்டுல காரணம் தெரியுது, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. எவ்வளவு குறைக்கறதுன்னு அவர்தான் முடிவு பண்ணணும்.

சண்டை விஷயத்துல ஒரே ஒரு விதி வெச்சாப் போதும். ஊசி போட்டதுல இருந்து சாப்பிட்டுக் கை கழுவற வரைக்கும் சுகர் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது, அண்ணனும் சரி அம்மாவும் சரி. நோட்டு அந்த நேரத்துல கண்ணுல படற இடத்துலயே இருக்க வேணாம்.

-----

மருந்துச்சீட்டு:

பாலாற்றுப்_பாலம் சொன்னது சரி. பென் விஷயத்துக்கு மட்டும் நான் வர்றேன், ஏன்னா அது உசுரு போற விஷயம்.

பென் கார்ட்ரிஜ்ல இருந்து உங்க வீட்டு சிரிஞ்சால எடுக்கவே கூடாது. பாட்டில்ல இருக்கறது ஒரு மில்லிக்கு 40 யூனிட். கார்ட்ரிஜ்ல ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40 சிரிஞ்சுல 22 கோடு வரைக்கும் கார்ட்ரிஜ் மருந்தை இழுத்தா உள்ள போறது 55 யூனிட். இரண்டரை மடங்கு! பொதுவா 40 சிரிஞ்சுக்கு மூடி சிவப்பு, 100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு. ஆனா நிறத்தை மட்டும் நம்பாம சிரிஞ்சு மேலயும் பாட்டில் மேலயும் இருக்கற எண்ணைப் படிச்சுப் பாருங்க. கடையில மாத்திக் கொடுத்தாலும் அப்பவே தெரிஞ்சிடும். பென்னுக்கு மாறறதா இருந்தா பாட்டிலையும் சிரிஞ்சையும் வீட்டை விட்டு வெளிய அனுப்பிட்டு மாறுங்க. ரெண்டும் ஒரே அலமாரியில இருந்தா ஒரு நாள் அவசரத்துல யாராவது மாத்திப் போட்டுடுவாங்க.

பென்தான்னா ஒவ்வொரு தடவையும் 2 யூனிட் வெச்சு ஊசி நுனியில சொட்டு வருதான்னு பார்த்துட்டு, அப்புறம் அளவு வைக்கணும். குத்தி அழுத்தின பிறகு 10 எண்ணிட்டுத்தான் எடுக்கணும், இல்லேன்னா மருந்து தோல் மேலயே வழிஞ்சிடும். 4 மில்லிமீட்டர் ஊசி போதும், நேரா குத்தலாம்.

பாட்டிலோ பென்னோ, கலப்பு மருந்து பால் மாதிரி ஒரே சீரா இருக்கணும். அடியில வெள்ளையா தங்கியிருந்தா அப்படியே போடாதீங்க. உள்ளங்கை ரெண்டுக்கும் நடுவுல 10 தடவை உருட்டி, 10 தடவை மேல கீழ சாய்ச்சு எடுக்கணும். குலுக்கக் கூடாது, நுரை வந்தா அளவு தப்பும். கலக்காம இழுத்தா ஒரு நாள் சீக்கிர மருந்து ஜாஸ்தி போகும், இன்னொரு நாள் மெதுவானது ஜாஸ்தி போகும். "ஒரே அளவுதான் போடறோம், சுகர் ஏன் இப்படி ஏறி இறங்குது"ங்கற வீடுகள்ல முதல்ல இதைத்தான் பார்க்கணும்.

ரெண்டாவது, அம்மா எந்த இடத்துல குத்தறாங்கன்னு பாருங்க. வலிக்கலைன்னு ஒரே இடத்துல போட்டுட்டே இருந்தா அங்க கொழுப்பு கட்டி மாதிரி தடிச்சிடும். அதுல போடற மருந்து இஷ்டத்துக்கு ஏறும். தொப்புளைச் சுத்தி ரெண்டு விரல் விட்டு வயித்தை நாலு கட்டமாப் பிரிச்சு வாரத்துக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரல் தள்ளி. விரலால தடவிப் பார்த்தா கட்டி தெரியும். கட்டி இருக்கற இடத்தை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு ஜாஸ்தியா வேலை செய்யும், அதனால டாக்டரைக் கேட்டுட்டு மாறுங்க. உங்க நைனாவோட லோவுக்கு இதுவும் ஒரு பங்கு காரணமா இருக்கலாம்.

நம்ம ஊர் வெயிலைச் சொல்லாம விட முடியாது. திறக்காத பாட்டில் 2-இலிருந்து 8 டிகிரியில, ஃப்ரிட்ஜ் நடுத்தட்டுல. ஃப்ரீசர் பக்கத்துல ஒட்டி வெச்சா உறைஞ்சிடும். உறைஞ்சு உருகின மருந்தைக் கொட்டிடணும். திறந்தது 30 டிகிரிக்குக் கீழ இருந்தா 28 நாள் வரைக்கும் தாங்கும். வேலூர்ல சித்திரை, வைகாசியில ஓட்டு வீட்டுக்குள்ள 30-ங்கறது கனவு. கரண்ட் போற ஊர்னா பழைய முறைதான்: பெரிய மண்சட்டியில ஈர மணல், அதுக்குள்ள சின்னச் சட்டி, பாட்டிலை பிளாஸ்டிக் கவர்ல கட்டி அதுக்குள்ள, மேல ஈரத்துணி. பஸ்ஸுல போகும்போது ஜன்னலோரப் பையில வைக்காதீங்க.

ஒரு கணக்கு சொல்றேன், அண்ணனுக்குப் பிடிக்கும். 10 மில்லி பாட்டில்ல 400 யூனிட். தினமும் 36 போனா 11 நாள் வரும். திறந்த தேதியை பாட்டில் மேல எழுதுங்க. 15 நாள் ஆகியும் மருந்து மிச்சம் இருந்தா ஊசி விட்டுப்போகுது, இல்லேன்னா கண் சரியாத் தெரியாம அளவு குறைஞ்சு இழுக்கறாங்க. யாரையும் குறுக்கு விசாரணை பண்ணாமலே தெரிஞ்சுக்கலாம். அம்மாவோட கண்ணாடிப் பவர் கடைசியா எப்போ பார்த்தீங்க?

-----

களத்துமேடு:

மத்தவங்க மருந்தைச் சொல்லிட்டாங்க. நான் அடுப்பாங்கரையைப் பத்தி எழுதறேன்.

நம்ம பக்கத்துல சுகர்னு தெரிஞ்சதும் வீட்டுல நடக்கறது: நைனாவுக்குத் தனிச் சட்டி, உப்புசப்பில்லாத கூட்டு, மூணு வேளையும் களி. மத்தவங்களுக்கு சாதம், வத்தக்குழம்பு, அப்பளம். ஒரே கூடத்துல உட்கார்ந்து அவர் மட்டும் அதைப் பார்த்துக்கிட்டு முழுங்கணும். பைக்குள்ள பேடா வர்றதுக்கு வழி பண்ணிக் கொடுக்கறதே இந்தத் தனிச் சட்டிதான். அதை ஏறக்கட்டிட்டு, குழம்பு, பொரியல், கீரை எல்லாருக்கும் ஒண்ணே சமைங்க. அண்ணனுக்கும் உங்களுக்கும் அப்பா வழியில சுகர் வர வாய்ப்பு இருக்கு, அதனால நைனாவுக்காக நீங்க தியாகம் பண்றதா ஒண்ணும் இல்ல, உங்களுக்கும் அதே சாப்பாடுதான் வேணும்.

களி பத்தின தப்பை முதல்ல தீர்த்துக்கலாம். 100 கிராம் கேழ்வரகு மாவுல மாவுச்சத்து சுமார் 70 கிராம், அரிசியில 78. பெரிய வித்தியாசம் இல்ல. நார்ச்சத்து இருக்கு, சுண்ணாம்புச்சத்து நிறைய இருக்கு, நல்ல தானியம்தான். ஆனா வட ஆற்காட்டுக் களியில நொய் அரிசியையும் போட்டுத்தானே கிண்டறோம்? அப்புறம் "களிதானே"ன்னு ரெண்டு பெரிய உருண்டை. நைசா அரைச்ச மாவு, அதுவும் கூழாக் கரைச்சுக் குடிச்சா சட்டுனு ஏறும். உருண்டையைக் கைப்பிடி அளவுக்குச் சின்னதாப் பிடிங்க, ஒண்ணு போதும். நொய்யைப் பாதியாக் குறைங்க. அதுக்குப் பதிலா கீரை மசியலோ கொள்ளுக் குழம்போ மொச்சையோ ரெண்டு கரண்டி ஜாஸ்தி ஊத்துங்க. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைக்கற ஊர்ல காய்க்கு என்ன குறை? எண்ணெயில மிதக்க விடாம வதக்கினா அதுவே தட்டுல பாதியை நிரப்பும்.

தட்டைப் பார்த்தாலே அளவு தெரியணும், தராசு வேணாம். பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு பருப்பு, முட்டை, மீன், கோழி இப்படி ஏதாவது. மீதிக் கால் தட்டு சாதமோ களியோ. முதல்ல காயையும் பருப்பையும் சாப்பிட்டுட்டு சாதத்தைக் கடைசியில சாப்பிட்டா, அதே அளவுக்கே ஏத்தம் குறையும். சாப்பிட்டுட்டு 10, 15 நிமிஷம் தெருவுல நடை. அவரைத் தனியா அனுப்பாதீங்க, பேரப் பசங்களை அனுப்புங்க. தாத்தாவைக் கூட்டிட்டுப் போறது அவங்க வேலைன்னு சொல்லிட்டா அவரால தட்ட முடியாது.

மக்கன் பேடா. ஆற்காட்டுப் பக்கம் கல்யாணம், விருந்துன்னா அது இல்லாம இருக்காது, வறுத்துப் பாகுல ஊறப்போட்டது. முழுசா தடைன்னு சொன்னா ஒளிச்சுச் சாப்பிடுவார், ஒளிச்சுச் சாப்பிட்டா மீட்டர் குத்த மாட்டார், குத்தினாலும் நோட்டுல பொய் எழுதுவார். பொய் எண்ணைப் பார்த்து டாக்டர் மருந்து எழுதுவார். அதுதான் ஆபத்து. பாதி பேடா, வெறும் வயித்துல இல்லாம சாப்பாட்டோட சேர்த்து, அன்னிக்கு சாதத்தைக் குறைச்சு, எல்லாருக்கும் தெரிஞ்சே சாப்பிடட்டும். ஆம்பூர் பிரியாணிக்கும் இதே கணக்கு: தால்சாவும் கத்தரிக்காயும் நிறைய, சீரக சம்பா ஒரு கை.

அப்புறம் சம்பந்தி வீடு, அத்தை வீடு. "ஒண்ணே ஒண்ணு மாமா, இன்னிக்கு ஒரு நாள்தானே"ன்னு இலையில வைப்பாங்க. மறுத்தா மரியாதைக் குறைவு. அந்த இடத்துல பேச வேண்டியவர் நைனா இல்ல. பக்கத்துல உட்கார்ந்த மகனோ மருமகளோ "மாமாவுக்கு நான் எடுத்து வைக்கறேன் அத்தை"ன்னு கரண்டியை வாங்கிக்கிட்டா முடிஞ்சது. நாலு பேருக்கு நடுவுல "உங்களுக்கு சுகர் இருக்கே!"ன்னு கத்தினா அந்த அவமானத்துக்கே இன்னொரு பேடா போட்டுக்குவார்.

-----

கரிகிரி_ரோடு:

கிரிவலத்துக்கு வர்றேன். பாதை 14 கிலோமீட்டர், நடக்க நாலஞ்சு மணி நேரம். முதல் கேள்வி: உங்க நைனாவுக்குக் கால்ல உணர்ச்சி இருக்கா? வீட்டுலயே பார்க்கலாம். கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்க. ரெண்டு கால்லயும் கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல், மொத்தம் 6 நுனி. உங்க ஆள்காட்டி விரலால ஒவ்வொண்ணையும் ஒரு ரெண்டு விநாடி லேசா தொடுங்க. அழுத்தாதீங்க, தட்டாதீங்க, தேய்க்காதீங்க. தொட்டது தெரிஞ்சா "வலது", "இடது"ன்னு சொல்லணும். 6-ல 2 அல்லது அதுக்கு மேல தெரியலைன்னா உணர்ச்சி குறைஞ்சிருக்கு, டாக்டர் காலைப் பார்க்கணும். அதுக்கப்புறம் வெறுங்கால் நடை கிடையாது. கிரிவலத்துக்கும் கிடையாது, வீட்டு வாசலுக்கும் கிடையாது.

வலிதான் காலைக் காக்குது. 1946-ல வேலூர் சிஎம்சி-க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளோட கால் புண்ணை ஆராய்ஞ்சு சொன்னது இதைத்தான்: சதை தானா அழுகறதில்ல, வலி தெரியாததால அடிபட்ட இடத்து மேலயே திரும்பத் திரும்ப நடக்கறாங்க, அதான் புண் ஆறலை. சுகர்க் காலுக்கும் அதே கதைதான். காட்பாடி தாண்டி இருக்கற கரிகிரி தொழுநோய் மருத்துவமனை வட்டாரத்துல புழங்கின எம்சிஆர்ங்கற மெத்துன்னு இருக்கற ரப்பர் செருப்பைத்தான் இன்னிக்கு சுகர்க் காலுக்கும் எழுதிக் கொடுக்கறாங்க. உள் மெத்தை கட்டை விரலால அழுத்தினா அமுங்கணும், அடி கெட்டியா முள் ஏறாததா இருக்கணும், பின்னாடி வார் இருக்கணும். ஹவாய் செருப்பு வேணாம்: உணர்ச்சி இல்லாத கால்ல இருந்து அது கழண்டு போனதே தெரியாது, விரல் இடுக்குல வார் அறுத்துப் புண் வரும். செருப்பை சாயந்தரம் வாங்குங்க, அப்போதான் கால் வீங்கியிருக்கும், அளவு சரியா வரும்.

கிரிவலமே வேணாம்னு சொல்லாதீங்க, அது அவர் சாமி. ஆட்டோவுல சுத்தி வந்து எட்டு லிங்கத்துலயும் இறங்கிக் கும்பிடலாம், செருப்பைச் சந்நிதி வாசல்ல மட்டும் விட்டுட்டு. அந்தக் கல்தரை மதிய வெயில்ல கொதிக்கும். விடியக்காலமோ ராத்திரியோ போங்க. உணர்ச்சி நல்லா இருக்கு, செருப்போட நடக்க சம்மதிக்கறார்னா சாப்பிட்டுட்டுக் கிளம்பணும், கூட ஒருத்தர் போகணும், பையில குளுகோஸும் மீட்டரும் இருக்கணும். அவ்வளவு நடந்த பிறகு பல மணி நேரம் கழிச்சுக்கூட சுகர் இறங்கும். அந்த 58, 61, 54-ல எதாவது ஒண்ணு பௌர்ணமி ராத்திரியில வந்ததான்னு தேதியைப் பாருங்க.

தினமும் படுக்கறதுக்கு முன்னாடி காலைப் பார்க்கணும்: உள்ளங்கால், குதிகால் வெடிப்பு, விரல் இடுக்கு. அவருக்குக் குனிஞ்சு பார்க்க வராது. மாமனார் காலைப் பிடிக்க அண்ணி கூச்சப்படுவாங்க, அம்மாவுக்குக் கண் மங்கல். பேரப் பையன் கையில டார்ச்சைக் கொடுங்க, போதும். சிவப்பு, கொப்புளம், கசிவு, சூடு எது இருந்தாலும் மறுநாளே டாக்டர். நகத்தை நேரா வெட்டுங்க. வெந்நீர் ஒத்தடம் கூடாது. குளிக்கற தண்ணியைக்கூட வேற யாராவது முழங்கை வெச்சுப் பார்த்துட்டு ஊத்தணும்.

-----

குடியாத்தம்_மேற்கு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தேதியைப் பார்த்தேன். 54 வந்தது பௌர்ணமிக்கு மறுநாள் விடியக்காலம். மத்த ரெண்டும் சாப்பிடாம எழுந்து போன ராத்திரி. வயித்துல இடது பக்கம் தடிப்பும் இருக்கு.

கால் சோதனையில 6-ல 5 தெரியுது. டாக்டர்கிட்ட வியாழக்கிழமை போறோம்.

இன்னும் ரெண்டு கேள்வி. அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது? அவர் வயசுல பெரியவர், செலவு எல்லாம் அவர்தான் பண்றார், "நீங்க கத்தறதாலதான் லோ ஆகுது"ன்னு நான் சொன்னா அதுவே இன்னொரு சண்டை. புரட்டாசி சனிக்கிழமை நைனா ஒரு பொழுது இருப்பார், ஊசியை என்ன பண்றது?

-----

மேல்விஷாரம்_வாசி:

ஒரு பொழுதுக்கு நான் சொல்றேன், ரமலானுக்கு எங்க பக்கம் இதே கேள்விதான் வருஷா வருஷம்.

ஊசியை நிறுத்தறதும் தப்பு, அதே அளவு போடறதும் தப்பு. எந்த வேளை சாப்பாடு விடறாரோ அந்த வேளை ஊசியைத்தான் மாத்தணும், அதை டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும். ரமலானுக்குன்னா 6, 8 வாரம் முன்னாடியே போய்க் கேட்கறது வழக்கம். நீங்க வியாழக்கிழமையே கேட்டுடுங்க. விரதத்துல நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை குத்திப் பாருங்க. 70-க்குக் கீழ போனாலோ 300-க்கு மேல போனாலோ அந்த நிமிஷமே விரதத்தை முடிச்சிடணும், "இன்னும் ஒரு மணி நேரம்தானே" கூடாது. மாசத்துல மூணு தடவை லோ ஆனவர் இந்த வருஷம் விரதம் இல்லாம இருக்கறதுதான் நல்லது. அதை நீங்க சொல்றதைவிட அவர் மதிக்கற கோயில் ஐயர் சொன்னா எடுபடும்.

-----

பாலாற்றுப்_பாலம்:

அண்ணன் விஷயம். நீங்க சொல்லாதீங்க, டாக்டர் சொல்லட்டும். வியாழக்கிழமை கடையை ரெண்டு மணி நேரம் மூடச் சொல்லி அவரையும் கூட்டிட்டுப் போங்க. போகும்போது ஒரு தாள்ல மூணு கட்டம்: ராத்திரி எவ்வளவு சாப்பிட்டார், 3 மணிக்கு எவ்வளவு, காலையில எவ்வளவு. யார் கத்தினாங்கன்னு எழுத வேணாம். மூணு வரியைப் படிச்சதும் அவருக்கே புரியும். அவர் கத்தறதும் பயத்துலதான். கண்ணு, கிட்னி போயிடும்னு யாரோ சொல்லியிருப்பாங்க, அந்தப் பயம் கோபமா வருது. அதை நைனா எதிர்ல ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்க: "எனக்குப் பயமா இருக்கு நைனா." கோபமாக் கேட்டே பழகின காதுக்கு அது வேற மாதிரி கேட்கும்.

அவருக்கு ஒரு வேலை கொடுங்க, அதிகாரம் இருக்கற வேலையா. ஸ்ட்ரிப்பும் குளுகோஸும் பாட்டிலும் தீராமப் பார்த்துக்கறது, வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரைப் பரிசோதனைக்கும் கிட்னிக்கான யூரின் டெஸ்ட்டுக்கும் அழைச்சிட்டுப் போறது. நோட்டு ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் அவர் கைக்கு வரட்டும், நைனா பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது. ஒரு நாள் எண்ணைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாம ஏழு நாளையும் சேர்த்துப் பார்த்து, "எந்த வேளை ஏறுது, என்ன பண்ணலாம்?"னு கேட்கட்டும். வெறும் வயித்துல 80-இலிருந்து 130, சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல 180-க்குள்ளன்னு பொதுவா வைப்பாங்க. லோ ஆகற ஆளுக்கு அதை டாக்டர் கொஞ்சம் தளர்த்துவார். எந்த எண்ணை நோக்கிப் போறோம்னு எல்லாருக்கும் ஒரே பதில் தெரிஞ்சிருக்கணும்.

நைனாகிட்டயும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கு. "நாங்க பண்றதுல எது உங்களுக்கு ஒத்தாசையா இருக்கு, எது எரிச்சலா இருக்கு?" அவர் சொல்றதை மறுத்துப் பேசாம எழுதிக்கிங்க. முடிஞ்சா ஊசியை அவரே போட்டுக்கட்டும், அம்மா அளவை மட்டும் சரிபார்க்கட்டும். 14 வருஷமா வியாதியைச் சுமக்கற ஆள் கையில ஒண்ணுமே இல்லேன்னா பேடாவைத்தான் எடுப்பார். ரெண்டு வாரமா பெரும்பாலான நாள் எதுலயும் நாட்டமில்லாம, மனசு சோர்ந்தே இருக்கார்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. சுகர்க்காரங்களுக்கு மனச்சோர்வு மத்தவங்களைவிட சுமார் ரெண்டு மடங்கு வருது, அதுக்கு வைத்தியம் இருக்கு.

-----

மருந்துச்சீட்டு:

ஒருத்தரை எல்லாரும் மறந்துட்டோம். மூணு மணிக்கு எழுந்து உட்கார்றவங்க உங்க அம்மா. அவங்களுக்கு சுகர் எப்போ பார்த்தீங்க? 30 வயசுக்கு மேல எல்லாருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா பார்க்கறாங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வர்ற அக்காகிட்டயும் கேட்கலாம், மாத்திரையும் அவங்க வழியா மாசா மாசம் வரும். வெறும் வயித்துல 100-க்குக் கீழ இருக்கணும். 100-இலிருந்து 125-ன்னா எல்லைக்கோடு. 126-ம் அதுக்கு மேலயும் வந்தா இன்னொரு நாள் மறுபடி பார்த்து உறுதி பண்ணுவாங்க. அண்ணன், அண்ணி, நீங்க எல்லாரும் அதே நாள்ல கையை நீட்டிடுங்க.

ராத்திரி முறையை மாத்திக்கிங்க. டாக்டர் அளவை மாத்தின பிறகு முதல் ஒரு வாரம் 3 மணிக்கு அலாரம் வெச்சுக் குத்திப் பார்க்கச் சொல்வாங்க. அந்த வாரம் நீங்க ஒரு நாள், அண்ணன் ஒரு நாள்னு நைனா பக்கத்துல படுங்க. அம்மா உள் ரூம்ல தூங்கட்டும்.